நல்ல நேரத்தில் படுத்துக்கொள்ளும் இணையதளம்

1

இந்த ஊருக்கு வந்து பத்து வருடம் ஆகிவிட்டது என்று எனக்கு ஞாபகப்படுத்தியது ஆபீஸ் கம்ப்யூட்டர்தான். காலையில் திரையைத் திறந்தால், "வாழ்த்துகள், எங்களோடு பத்து ஆண்டுகள்" என்று பலூன் படம் போட்டு ஒரு மின்னஞ்சல். யாரோ நல்ல மனசுக்காரர் நினைவு வைத்திருக்கிறாரே, நன்றி சொல்லலாம் என்று பார்த்தேன். இந்த முகவரிக்குப் பதில் அனுப்ப வேண்டாம் என்று கீழே சின்ன எழுத்தில் போட்டிருந்தது.

ஊர் பெயர் தம்பெரே. பின்லாந்தில், இரண்டு பெரிய ஏரிகளுக்கு நடுவே இருக்கிறது. ஜூலை மாதம் வந்தால் ஊரே காலி. எல்லோரும் காட்டுக்குள் ஏதாவது ஓர் ஏரிக்கரையில் இருக்கும் மரவீட்டுக்குப் போய்விடுவார்கள். நமக்கு விடுமுறை என்றால் கூட்டம் இருக்கிற இடத்துக்குப் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாமல்லபுரம் கடற்கரையில் கால் வைக்க இடம் இருக்காது, அதனால்தான் போவோம். இவர்களுக்கு ஆள் இல்லாத இடம்தான் விடுமுறை. என் பக்கத்து மேஜைக்காரன் யூஹா கிளம்பும்போது, "நாலு வாரம் மனிதக் குரலே கேட்காமல் இருக்கப்போகிறேன்" என்றான், பெரிய பரிசு விழுந்தவன் முகத்தோடு. அந்தப் பரிசு எனக்கு வருடம் பூராவும் விழுகிறதப்பா என்று சொல்ல நினைத்தேன். நக்கல் பண்ணுகிற அளவுக்கு அவர்கள் மொழி எனக்கு இன்னும் வரவில்லை.

மொழி விஷயத்தில் நான் வாங்காத அடி இல்லை. வந்த புதிதில் யூஹாவைப் பார்த்து, நம்மூர்ப் பழக்கத்தில், "சாப்பிட்டாயா?" என்று கேட்டுவிட்டேன். அவன் நின்று, யோசித்து, காலையில் இருந்து என்னென்ன சாப்பிட்டான் என்று வரிசையாகச் சொன்னான். மறுநாளும் கேட்டேன். மறுநாளும் சொன்னான். மூன்றாவது நாள், "நான் மெலிந்து போயிருக்கிறேனா?" என்று கவலையோடு கேட்டான். அதோடு கேட்பதை விட்டுவிட்டேன்.

என் வேலை, இணையத்தில் ஆடுகிற விளையாட்டு ஒன்றின் செர்வர்களைப் பார்த்துக்கொள்வது. செர்வர் என்றால் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. உங்கள் கைபேசி கேட்பதை எடுத்துக் கொடுக்கும் இன்னொரு கம்ப்யூட்டர், எங்கோ ஒரு குளிர்ந்த அறையில் இருக்கிறது, அவ்வளவுதான். நான் இதைக் கல்லூரியில் படிக்கவில்லை. பிளஸ் டூ முடித்துவிட்டு, செங்கல்பட்டில் பாஸ்கர் அண்ணனின் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, கெட்டுப்போனதை எல்லாம் பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது. அங்கிருந்து நாவலூரில் ஒரு கம்பெனி, அங்கிருந்து இங்கே.

2

பலூன் வந்த அதே வியாழக்கிழமை மத்தியானம் ஏழுமலை மாமா கூப்பிட்டார். என் அக்கா காமாட்சியின் கணவர். திருக்கழுக்குன்றத்துக்குப் பக்கத்தில் வீடு. நாவலூர் ஐ.டி. கம்பெனிக்கு ஆட்களை ஏற்றிப்போகும் பஸ்ஸை ஓட்டுகிறார். அவர் அப்பா காலம் வரைக்கும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்த குடும்பம். ஒரே மகள் தர்ஷினி. பிளஸ் டூவில் நல்ல மார்க். அந்த வீட்டில் இருந்து காலேஜ் வாசலை மிதிக்கப்போகிற முதல் ஆள்.

இப்போது கவுன்சலிங் நடக்கிறது. எந்தக் காலேஜ், எந்தப் படிப்பு என்று ஆசைப்பட்ட வரிசையில் அரசு இணையதளத்தில் போட்டு, கடைசியாகப் பூட்டு என்கிற பட்டனை அமுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் பூட்டாவிட்டால் இந்தச் சுற்றில் அவள் பெயர் கிடையாது. நல்ல சீட்டெல்லாம் மற்றவர்களுக்குப் போய்விடும்.

"மச்சான், இன்னா பண்ணிக்கினு கீற?"

"வேலைதான் மாமா. சாப்டீங்களா?"

"சாப்பாடு கெடக்குது. ரெண்டு நாளா இந்த சைட்டு எங்கள பேஜாரு பண்ணிக்கினு கீது. நேத்து நல்ல நேரம் பாத்து ஒக்காந்தோம். சுத்துது, சுத்துது, சுத்திக்கினே கீது. இன்னிக்கும் நல்ல நேரத்துலதான் ஒக்காந்தோம். வெள்ளையா ஒரு பக்கம் வந்துச்சு. அப்பால அதுவும் பூட்ச்சு."

"மத்த நேரத்துல பாத்தீங்களா?"

"மத்த நேரத்துல இன்னாத்துக்குப் பாக்கணும்? ஒரே பொண்ணு."

கொஞ்சம் மூச்சு விட்டுவிட்டு, "ஒண்ணு கேக்கறேன், நெசத்த சொல்லு" என்றார். "எதுர் வூட்டுப் பசங்க மதிலு மேல ஒக்காந்து உன் கம்பெனி ஆட்டத்ததான் ஆடிக்கினு கீறானுங்க. ஒலகத்துல கீறவன்லாம் ஒரே நேரத்துல சுட்டுக்கினு கீறான். அது ஒரு தபா கூட நிக்கல. ஒரு பொண்ணு நாலு காலேஜி பேரு போடறதுக்கு கவர்மெண்டு சைட்டுக்கு மூச்சு வாங்குது. உன்ன மாதிரி ஆளுங்க அங்க இல்லியா? இல்ல, சுடறவனுக்குத்தான் வேல செய்வீங்களா?"

பின்னால் அக்காவின் குரல்: "அவன ஏன் திட்டற? அவனா சைட்ட நிறுத்தி வச்சான்?"

"நான் எங்க திட்டனேன்? டவுட்டு கேக்கறேன். மச்சான், நாளிக்கு எமகண்டம் முடிஞ்சு நாலே முக்காலுக்கு நல்ல நேரம். வீடியோவுல வந்துடு. தாய்மாமன் இருந்து பூட்டட்டும்."

தாய்மாமன் என்கிற சொல்லை அவர் எடுத்தால் என்னால் மறுக்க முடியாது. தர்ஷினிக்குக் காது குத்தியபோது அவளை மடியில் வைத்திருந்தது நான்தான். மஞ்சள் நீராட்டுக்குப் போக முடியவில்லை. பெரியப்பா பையன் ஒருவன் எனக்குப் பதிலாகச் சீர்த்தட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தான். அவன் பக்கத்திலேயே இன்னொருவன் கைபேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு வர, அதற்குள் நான் கையைக் கூப்பிக்கொண்டு இருந்தேன்.

போனை வைத்ததும் அந்த இணையதளத்தைத் திறந்து பார்த்தேன். சுற்றவில்லை, வெள்ளைப் பக்கமும் வரவில்லை. அனுமதி இல்லை என்று ஒற்றை வரி. வெளிநாட்டில் இருந்து வருகிறவர்களைப் பாதுகாப்புக்காக வாசலிலேயே நிறுத்திவிடுகிறார்கள் போல. நான் காவல் காக்கிற விளையாட்டுக்குள் எந்த நாட்டில் இருந்தும் யார் வேண்டுமானாலும் நுழையலாம். என் அக்கா மகளின் காலேஜ் பக்கத்தை நான் எட்டிக்கூடப் பார்க்க முடியாது.

3

மாமாவின் கேள்வி நியாயமானது. உங்களில் பலருக்கும் இருக்கும். அவரிடம் போனில் பாதி சொன்னேன், மீதியை இங்கே சொல்கிறேன்.

செங்கல்பட்டில் இருந்து மாமல்லபுரம் போகிற ஷேர் ஆட்டோவை நினைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஆட்டோ நிறைந்ததும் கிளம்பிவிடும். கூட்டம் கூடினால் இன்னும் நாலு ஆட்டோ வந்து நிற்கும். ஒன்று பஞ்சரானால் அதில் இருக்கிறவர்கள்தான் இறங்கி நிற்பார்கள், மற்ற ஆட்டோக்காரர்களுக்கு அது தெரியவே தெரியாது. எங்கள் விளையாட்டு இப்படித்தான். கோடிப் பேர் ஆடினாலும் யாரும் கோடிப் பேரோடு ஆடுவதில்லை. ஐம்பது பேர், நூறு பேர் என்று சின்னச் சின்ன அறைகளாகப் பிரித்து அடைத்துவிடுவோம். ஓர் அறைக்கு இன்னோர் அறையின் சங்கதி தெரியாது, தெரியவும் தேவையில்லை.

கவுன்சலிங் அப்படி இல்லை. அது திருக்கழுக்குன்றத்து வேதகிரீஸ்வரர் மலை மாதிரி. ஒரே மலை, ஒரே சன்னதி, எல்லோரும் அந்த ஒரே சாமியைத்தான் பார்க்க வேண்டும். ஆயிரம் கோபுரம் கட்டிக் கூட்டத்தைப் பிரிக்கலாம் என்றால் நடக்காது. கடைசியில் இந்த மாணவி, இந்த வரிசை, இந்த சீட்டு என்று எழுதுகிற பதிவு ஒன்றே ஒன்றுதான். அதில் இரண்டு பெண்களுக்கு ஒரே சீட்டு என்று எழுதிவிட்டால் இரண்டு வீடு அழும்.

விளையாட்டில் நாங்கள் பொய் சொல்லலாம். எதிரி எங்கே நிற்கிறான் என்ற தகவல் வரக் கொஞ்சம் தாமதமானால், இங்கே நிற்பான் என்று நாங்களே குத்துமதிப்பாக வரைந்து காட்டிவிடுவோம். தப்பாகப் போனால் ஒருவன் செத்துப்போவான், உடனே எழுந்து ஓடுவான். அரசாங்கம் குத்துமதிப்பாகக் காலேஜ் சேர்க்க முடியுமா?

அப்புறம், எங்களுக்குக் கூட்டம் தினமும் வருகிறது. தினமும் சாயங்காலம் வருகிறவனுக்கு எத்தனை பாய் விரிக்க வேண்டும் என்று அத்துப்படி. அவர்களுக்கு வருடத்தில் சில நாள்தான். அந்தச் சில நாளுக்காக வருடம் முழுக்க மெஷின்களை வாங்கிக் காலியாக வைத்திருந்தால் நாமே கேள்வி கேட்போம். வேண்டும்போது மட்டும் வாடகைக்கு எடுக்கலாம். அதற்கு முன்கூட்டியே ஒப்புதல் வாங்கி, எல்லாவற்றையும் அதற்கேற்றபடி கட்டியிருக்க வேண்டும். பெரும்பாலும் டெண்டர் எடுத்தவன் கட்டிக் கொடுத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருப்பான். இங்கே பாருங்கள், ஊரே காட்டுக்குப் போன பிறகும் நான் ஓர் ஆள் செர்வருக்குத் துணையாக உட்கார்ந்திருக்கிறேன். செர்வர் நின்றுபோவதை விழுவது என்போம், நாங்களும் விழாதவர்கள் அல்ல. புது ஆட்டம் வெளியிட்ட நாளில் மூக்கு உடைபட விழுந்திருக்கிறோம். எங்கள் ஆட்கள் திட்டிவிட்டு மறுநாள் வந்துவிடுவார்கள். தர்ஷினிக்கு மறுநாள் கிடையாது.

இதையெல்லாம்விட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. அதைக் கண்டுபிடித்தது பாஸ்கர் அண்ணன். ரிசல்ட், விண்ணப்பம் என்று எந்த அரசு வேலையாக இருந்தாலும் எங்கள் சென்டரில் நல்ல நேரம் பார்த்துத்தான் ஜனம் வந்து நிற்கும். தமிழ்நாடு முழுக்க வீட்டுக்கு வீடு ஒரே தினசரிக் காலண்டர். அதில் நல்ல நேரம் என்று போட்டிருக்கிற அந்த ஒரு மணி நேரத்தில் அத்தனை மாவட்டமும் ஒரே கதவை இடித்தால் எந்தக் கதவு தாங்கும்? ராகு காலம் தொடங்கிவிட்டால் எல்லோரும் எழுந்து டீ குடிக்கப் போய்விடுவார்கள், சைட் பறக்கும். "ராகு காலத்துல சைட்டு ஓடும்டா, கஸ்டமர்தான் ஓடிடுவான்" என்பார் அண்ணன்.

4

சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். என் மனைவி மேகலாவுக்கு முதியோர் இல்லத்தில் இரவு வேலை, கிளம்பிப் போயிருந்தாள். மகள் இனியாவின் அறைக் கதவு சாத்தியிருந்தது. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, எனக்குப் பாதி புரிகிற மொழியில் யாரையோ அதட்டிக்கொண்டிருந்தாள். அவள் ஆடுவது என் கம்பெனி ஆட்டம். எத்தனை பேர் ஆடுகிறார்கள் என்று ஆபீஸ் திரையில் ஏறி இறங்கும் கோட்டில் அவளும் இருக்கிறாள், எந்தப் புள்ளி என்று தெரியாது. வீட்டிலும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

சாப்பிட வந்தபோது தர்ஷினி விஷயத்தைச் சொன்னேன். ராகு காலம் என்று நான் சொன்னதும், "ராகுன்றது யாரு? அட்மினா?" என்று கேட்டாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விளக்க ஆரம்பித்தேன். பாம்பு, கிரகம், ஒன்றரை மணி நேரம் என்று நான் போய்க்கொண்டே இருக்க, அவள் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, "ஓகே ப்பா" என்று உள்ளே போய்விட்டாள். மிச்சத்தைத் தனியாக முடித்தேன். பேச்சை நடுவில் விட்டால் எனக்குப் பிடிக்காது.

அப்போது தோன்றியது இது. என் வீடு விழுந்ததே இல்லை. மூன்று பேர், மூன்று அறை, ஓர் அறையின் சங்கதி இன்னோர் அறைக்குத் தெரியாது. அக்கா வீடு தினமும் விழுகிறது. ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் பத்துப் பேர் வந்து உட்கார்ந்து, காய்ச்சல்காரனுக்கே படுக்க இடம் இருக்காது. பத்து வருடமாக ஒரு தடவைகூட என் வாசலில் அப்படி நெரிசல் ஆனதில்லை. வேலையில் அதற்குப் பெயர் சாதனை.

5

வெள்ளிக்கிழமை இந்தியாவில் ராகு காலம் தொடங்கும்போது எனக்குக் காலை எட்டு மணி. மாமா பஸ்ஸில் இருப்பார். தர்ஷினியை வீடியோவில் கூப்பிட்டேன்.

"கண்ணு, இப்ப அந்த சைட்டைத் திற."

"மாமா, இப்ப ராகு காலம். அப்பாவுக்குத் தெரிஞ்சா வூட்ட விட்டு அனுப்பிடுவாரு."

"திற மட்டும். பூட்டாத."

திறந்தது. சுற்றவே இல்லை. "மாமா, சர்ர்னு போவுது" என்றாள் மெதுவாக. "இதுக்குள்ள நான் மட்டுந்தான் இருக்கேன் போல. என் ஃபிரெண்டு ஜெனிபரும் இப்டிதான் சொன்னா. அவ நேத்து ராகு காலத்துலயே பூட்டிட்டா. சர்ச்சுக்குப் போறவங்களுக்கு அது இல்லல்ல."

சாயங்காலம் நாலே முக்காலில் என்ன நடக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். எமகண்டம் முடியக் காத்திருந்த அத்தனை வீடும் கடைசிக் கால் மணி நேரத்தில் வந்து விழும். அதை அவளிடம் சொன்னேன். அக்காவிடமும் சொல்லி, இப்போதே பூட்டிவிடலாம் என்றேன். அக்கா சுவரை அண்ணாந்து பார்த்தாள். பிறகு, "பல்லி கில்லி ஒண்ணும் கத்தல" என்றாள். அது அவளுடைய சம்மதம்.

தர்ஷினி வரிசையைப் படித்தாள். முதல் பெயர் கோயம்புத்தூரில் ஒரு காலேஜ்.

"செங்கல்பட்டு பக்கத்துலதான மொதல்ல போடறேன்னு சொன்ன?" என்றாள் அக்கா.

"அது ரெண்டாவதும்மா. நான் கேக்கற படிப்பு இங்க இல்ல."

"அவ்ளோ தொலவா?"

"மாமா போன தொலவாம்மா?"

அக்கா என்னைப் பார்த்தாள். கைபேசியில் அவள் முகம் சின்னதாகத்தான் தெரியும். நான் எதையாவது சொல்லி இருக்கலாம். "போடு" என்று அவளே சொன்னாள். தர்ஷினி பூட்டினாள். உங்கள் தேர்வு பூட்டப்பட்டது என்று பச்சை எழுத்தில் வந்தது.

"சாயங்காலம் அப்பா முன்னால பிரிண்ட் பட்டன அமுத்தலாம். அப்பதான் பூட்டனோம்னு நெனச்சி சந்தோசமா இருக்கட்டும்" என்றாள் தர்ஷினி. நல்ல யோசனையாகத் தோன்றியது. மூன்று பேரும் சிரித்தோம்.

இந்திய நேரம் நாலரை மணிக்கு வீடியோவில் போனபோது அக்கா வீட்டில் திருவிழா. எதிர்வீட்டுப் பசங்கள், பால்காரம்மா, மாமாவின் தம்பி குடும்பம், எல்லோரும் ஒரே அறையில். மாமா குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, பட்டை போட்டிருந்தார். கைபேசிக்கு முன்னால் சூடம் காட்டினார். "தாய்மாமன் பாத்துக்கினு கீறான். இப்ப அமுத்து" என்றார்.

திறக்கவில்லை. சுற்றியது. மறுபடி அமுக்கினாள். வெள்ளைப் பக்கம். நாங்கள் மூவரும் யோசிக்காமல் விட்டது அதுதான். பிரிண்ட் எடுக்கவும் அதே கதவு வழியாகத்தானே போக வேண்டும்.

"வைஃபைய ஆஃப் பண்ணு" என்றான் ஒருவன். "என் போன்ல போட்டுப் பாரு" என்றான் இன்னொருவன். ஐந்து கைபேசிகள் சுற்றின. மாமா கடிகாரத்தைப் பார்த்தார், சாமி படத்தைப் பார்த்தார். ஐந்து மணி ஆனது. அவர் சுவரில் சாய்ந்து கீழே உட்கார்ந்தார்.

"பூட்ச்சு" என்றார். "நான்தான் கெடுத்தேன். நல்ல நேரம் நல்ல நேரம்னு சொல்லிச் சொல்லி நானே எம்புள்ளய..."

அவர் அழுது நான் பார்த்ததில்லை. தர்ஷினி ஓடிவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "இல்லப்பா. காலைலயே பூட்டியாச்சு. ராகு காலத்துல. மெசேஜ் வந்திருக்கு, தோ பாரு."

அவர் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார்.

"யாரு சொன்னா?"

"மாமாதான்."

அறையில் இருந்த அத்தனை பேரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் கையில் காபிக் கோப்பையோடு அவர்கள் சுவரில் சாய்த்து வைத்த கைபேசிக்குள் இருந்தேன். மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"தாய்மாமனே சொல்லிட்டான், அப்பால இன்னா ராகு காலம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "மொத காலேஜி எது போட்ட?"

"கோயம்புத்தூர்ப்பா."

அக்கா டீ போட உள்ளே போனாள். பசங்கள் மறுபடி பேச ஆரம்பித்தார்கள். மாமா என்னைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். தெருவில் வெயில் இன்னும் இருந்தது. அவருடைய மோவாயும் வானமும்தான் எனக்குத் தெரிந்தன.

"மச்சான்" என்றார். "நீ அங்க சொந்தக்காரங்க இல்லாம ஒண்டியா கீறியே, எப்படிக் கீது? எனக்கோசரம் சொல்லாத, நெசத்த சொல்லு."

பத்து வருடத்தில் வேலை எப்படி, குளிர் எப்படி, சம்பளம் எப்படி என்று எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். இதை யாரும் கேட்டதில்லை. வாய் ஓயாமல் பேசுகிறவன் நான், எனக்கு வந்தது இரண்டே சொல்.

"பழகிடும் மாமா."

"யாருக்கு? போறவங்களுக்கா, இங்க கீறவங்களுக்கா?" என்றார்.

காத்திருந்தார். வேலை வந்துவிட்டது மாமா, அப்புறம் கூப்பிடுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். வேலை எதுவும் வரவில்லை. எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது.